கேட்பதும் கேள்வி கேட்பதும்: ஜாஸ் இசைத்தட்டுகளை முன்வைத்து

(செங்கல்பட்டில் இளைஞர்கள் நடத்திய இசை கேட்கும் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர், "தோழர், சாதி ஒழிப்பு பேசுற இடத்துல ஜாஸ் ரிக்கார்டு எதுக்கு?" என்று கேட்டார். இன்னொருவர், "ரிக்கார்டு பிளேயர் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விதான். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு புது ஜாஸ் எல்பி இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். என்னிடம் முப்பத்தொரு ரிக்கார்டு இருக்கிறது. பாதிக்கு மேல் மூர் மார்க்கெட் பழைய கடைகளில் எடுத்தவை. ஆராய்ச்சி உதவித்தொகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வாழ்க்கையில் அதற்கு மேல் முடியாது. ஜாஸ் கேட்க நீங்கள் ரிக்கார்டு வாங்க வேண்டியதில்லை. போனில் கேட்டாலும் அது ஜாஸ்தான். கறுப்புத் தட்டில்தான் உண்மையான ஒலி இருக்கிறது என்பதெல்லாம் விற்கிறவர்கள் சொல்லும் கதை. எனக்கு அது தரும் ஒரே நன்மை, ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும். அதுவரை எழுந்து போக மாட்டேன், அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் ஜாஸ் அதிகம் கேட்கும் இடம் எது? கிழக்குக் கடற்கரைச் சாலை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி வரைக்கும் உள்ள ரிசார்ட்டுகளிலும் காபிக் கடைகளிலும் மெல்லிய ஒலியில் பின்னணியாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பாத்திரம் கழுவுகிற, அறை சுத்தம் செய்கிற நம் பிள்ளைகளுக்கும் அந்த மெட்டுகள் பழக்கம். பெயர்தான் தெரியாது. அப்படி ஓடுபவற்றில் ஒன்றாக மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கட்டாயம் இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு இதமான இசை என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ரிக்கார்டு அது.

அது வெளியானது 1959 ஆகஸ்ட் 17. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, நியூயார்க்கில் பேர்ட்லேண்ட் என்ற கிளப்பின் வாசலில் மைல்ஸ் டேவிஸ் இடைவேளையில் நிற்கிறார். உள்ளே அன்று வாசிப்பவர் அவர்தான். போலீஸ்காரர் ஒருவர் வந்து அந்த இடத்தைவிட்டு நகரச் சொல்கிறார். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்கிறார் மைல்ஸ். தலையில் அடி விழுகிறது. சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவரைக் கைது செய்து கொண்டு போகிறார்கள். அவர் பெயர் போட்ட பலகை மாட்டியிருந்த கட்டிடத்தின் வாசல் அது. உள்ளே உன் இசை வேண்டும், வாசலில் நீ நிற்கக் கூடாது. இந்த வாக்கியத்தை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மொழியில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்பது, கேள்வி கேட்பது. ரிசார்ட்டில் நடப்பது முதல் வேலை மட்டும். ரிக்கார்டைப் பார்த்து யார் வாசித்தது, யாருக்குக் காசு போனது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்டால் அது இரண்டாவது வேலை. ஜாஸ் இசைத்தட்டு சேகரித்தவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது வேலையை என்பதுதான் என் வாதம்.

தட்டிலிருந்தே தொடங்கலாம். வினைல் எல்பி 1948இல்தான் வந்தது. அதற்கு முன்பு அரை நூற்றாண்டுக் காலம் ரிக்கார்டு என்றால் அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிடம், கீழே விழுந்தால் உடையும். அந்த அரக்கு எங்கிருந்து போனது? உலகச் சந்தைக்கான அரக்கில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து. பூச்சி மரக்கிளையில் கட்டும் பிசினை ஆதிவாசி மக்கள் கொம்போடு ஒடித்துச் சுரண்டி எடுப்பார்கள். கொம்பரக்கு என்று நாம் சொல்வது அதைத்தான். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் பதிந்த தட்டில் நம் ஆதிவாசிகளின் உழைப்பும் கலந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு அமெரிக்க அரசு, ரிக்கார்டுக்கு அரக்கு பயன்படுத்துவதை 70 சதவீதம் குறைக்க உத்தரவிட்டது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள், உருக்கிக்கொள்கிறோம் என்று வீடு வீடாக வாங்கினார்கள். அப்படி உருகிப்போனவற்றில் எத்தனையோ ஏழைக் கறுப்பர்களின் பாட்டும் போனது.

அடுத்து, தட்டில் யார் ஏறினார்கள் என்று பார்ப்போம். ஜாஸை உருவாக்கியவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். ஆனால் 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவாகி வெளிவந்த முதல் ஜாஸ் ரிக்கார்டு ஒரு வெள்ளையர் குழுவினுடையது. 'ஒரிஜினல்' என்ற சொல்லைத் தங்கள் குழுவின் பெயரிலேயே வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கிங் ஆலிவரின் கறுப்பினக் குழு, இளம் ஆம்ஸ்ட்ராங்கோடு, 1923இல்தான் இண்டியானா மாநிலத்தில் ஜென்னட் என்ற கம்பெனியில் பதிவு செய்கிறது. அதே ஜென்னட் தொழிற்சாலைதான் அந்தக் காலத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலுக்கும் காசு வாங்கிக்கொண்டு ரிக்கார்டு அடித்துக் கொடுத்தது. ஒரே எந்திரம், ஒரே அரக்கு. கம்பெனிகள் கறுப்பர் பாட்டைத் தனிப் பட்டியல் போட்டு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று விற்றன. டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இந்த இரட்டைப் பட்டியல் உடனே புரியும்.

இந்த இடத்தில்தான் ரிக்கார்டு சேகரிப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். பழைய ஜாஸ் தட்டுகளில் பெரும்பாலும் குழுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். டிரம்ஸ் அடித்தவர், பேஸ் வாசித்தவர் எல்லாம் பெயரில்லாதவர்கள். சேகரிப்பாளர்கள் இதை ஏற்கவில்லை. காதால் கேட்டும், உயிரோடு இருந்த கலைஞர்களைத் தேடிப் போய் விசாரித்தும், எந்தத் தேதி, எந்த ஊர், யார் என்ன வாசித்தார்கள் என்று பட்டியல் போட்டார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஷார்ல் தலோனே 1936இல் இதைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். நியூயார்க்கில் மில்ட் கேப்ளர் என்பவர் கமடோர் என்ற ரிக்கார்டு கடை வைத்திருந்தார். பழைய தட்டுகளை மறுபதிப்பு செய்து, வாசித்த எல்லாருடைய பெயரையும் லேபிளில் அச்சிட்ட முன்னோடி அவர்.

அந்தக் கடைக்காரரிடம்தான் 1939இல் பில்லி ஹாலிடே போனார். கும்பல் வெறியில் கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டைப் பதிவு செய்ய, அவர் ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா கம்பெனி தயாராக இல்லை. கேப்ளரின் சின்ன கம்பெனி பதிவு செய்தது. பெரிய கம்பெனி கைவிட்ட குரல், வாசித்த ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு என்று நினைத்த ஒரு கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் பதிவு தொடங்கியபோது முதலில் குழாய் முன் நின்று பாடியவர்களில் கௌஹர் ஜான் இருந்தார். பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்லி முடிப்பார். தமிழ்நாட்டிலும் தொடக்க காலத் தட்டுகளில் பெரும்பங்கு தேவதாசி மரபுப் பெண்களும் நாடக நடிகர்களும் பாடியவை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்த காஞ்சிபுரத்திலிருந்து தனகோடி அம்மாள் பாடினார். சேலத்திலிருந்து கோதாவரி பாடினார். பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். தட்டு யார் கைக்கும் போகும், எந்தத் தெருவிலும் ஓடும், எவரும் கேட்டுவிடலாம் என்பது அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். பிறகு சபா மேடைகள் வளர்ந்தன, சங்கீதம் 'தூய்மை' ஆனது, அந்தப் பெண்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். ஆனால் தட்டில் பெயர் இருந்தது. அதனால்தான் இன்று ஆய்வாளர்கள் அவர்களை மீட்டெடுக்க முடிகிறது.

மடியில் தாங்கும் வாத்தியத்தைச் செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டியவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்கள் பெயர்களோடு அவர்கள் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. பெயர்களை எழுதினாலே சிலருக்கு உறுத்துகிறது என்பதற்கு இதுவே சான்று.

ரிக்கார்டு நம் கிராமங்களுக்கு வந்தது தனி ஆளின் வரவேற்பறை வழியாக அல்ல, மைக்செட் வழியாக. இந்த மாவட்டத்தின் வயதான மைக்செட்காரர்களைக் கேளுங்கள். தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்', 'பராசக்தி' வசனம், நாகூர் ஹனீபாவின் கழகப் பாட்டு எல்லாம் இப்படித்தான் படிக்கத் தெரியாதவர்கள் காதுக்கும் போனது. திராவிட இயக்கம் தட்டைப் பயன்படுத்திய அளவுக்கு வேறு இயக்கம் பயன்படுத்தியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆய்வுக்காகத் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். முப்பது வருடம் மைக்செட் வைத்திருந்தவர். "தம்பி, எங்க தெரு விசேஷத்துக்குக் குழாயை ஊர்ப் பக்கம் பார்த்துக் கட்டினா அன்னைக்கு ராத்திரி சண்டைதான். அவங்க தேருக்கு எங்க பக்கம் பார்த்துக் கட்டுவாங்க, அதை யாரும் கேக்க முடியாது" என்றார். தெருவுக்கு எல்லை போடலாம், ஒலிக்கு எப்படிப் போடுவது? அதனால் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லை போட்டார்கள். அவருடைய ரிக்கார்டுகள் எங்கே என்று கேட்டேன். கேசட் வந்த பிறகு மொத்தமாகக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம்.

நம் ஊரில் ரிக்கார்டு இப்படி அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஜாஸுக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? இதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு ரிக்கார்டு வாங்கும் நம் இளைஞர்கள் பலரும் ஆசைப்படும் தட்டு ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971இல் வந்தது. தம்புரா ஒலியோடு தொடங்கும். டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பெண், கணவர் ஜான் கோல்ட்ரேனை இழந்த துக்கத்திலிருந்து எழுந்து செய்த அபாரமான இசை. தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். அதாவது, நம் தமிழ்நாடு ஏற்கெனவே ஜாஸுக்குள் இருக்கிறது. ஆனால் எந்தத் தமிழ்நாடு? ஆசிரமம், யோகம், தம்புரா. விடுதலை தேடி இந்தியாவை நோக்கி வந்த கறுப்பினக் கலைஞர்களின் கண்ணில் பட்ட இந்தியாவில் சேரி இல்லை. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த தட்டுகளில் நம் குரல் இல்லை, அவ்வளவுதான். அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி உறவு தேடினார். அது போன்ற ஒரு கடிதத்தை இசையில் நாம் அனுப்பவே இல்லை.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. கறுப்பர்களும் தலித்துகளும் ஒன்று, ஜாஸும் பறையும் ஒன்று என்று மேடையில் சொல்வது எளிது. வரலாறு அப்படி நேராக இல்லை. 1739இல் தெற்கு கரோலினாவில் அடிமைகள் முரசடித்துக் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருக்கத் தடை வந்தது. அங்கே அடிக்கக் கூடாது என்றார்கள். இங்கே அடித்தே ஆக வேண்டும் என்றார்கள். சாவுக்கு அடி, ஊர் அழைத்தால் வா, கூலி கேட்காதே. அங்கே முரசைக் கையில் எடுப்பது எதிர்ப்பு. இங்கே பறையைக் கீழே போடுவதே எதிர்ப்பாக இருந்த ஊர்கள் நிறைய. பறையை விட்டவர்களும் நம் போராளிகள்தான். அதைக் கம்பீரமாக மீட்டெடுத்து மேடையேற்றிய திண்டுக்கல் சக்தி கலைக் குழுப் பெண்களும் நம் போராளிகள்தான். ஜாஸ் கேட்டுவிட்டு வந்து, பறையை விட்டவர்களைப் பார்த்து "உங்கள் கலையை மறந்துவிட்டீர்களே" என்று உபதேசம் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

அரசு எப்படிக் கலையைக் காட்டுகிறது என்பதில் மட்டும் ஒற்றுமை அதிகம். 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கறுப்பர் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். அப்போது டியூக் எலிங்டன் குழு அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் ஆசியச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அந்தப் பயணத்தில் சென்னைக்கும் வந்து வாசித்தது. எங்கள் நாட்டுக் கறுப்பர் எவ்வளவு மதிப்போடு இருக்கிறார் பாருங்கள் என்று காட்டத்தான் அந்தப் பயணம். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, ஜான் கோல்ட்ரேன் ஸ்டுடியோவுக்குப் போய் அந்தச் சிறுமிகளுக்காக 'அலபாமா' என்ற ஐந்து நிமிட இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு வார்த்தை இல்லை.

நம் கடற்கரைக்கு வாருங்கள். 2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். சென்னை விமான நிலைய வரவேற்பில் தப்பாட்டம் இருந்தது. மாலையில் கடற்கரைக் கோயில் முன்பு, தலைவர்கள் அமர்ந்து பார்த்த மேடையில் கலாக்ஷேத்ரா. வாசலில் யார் அடிப்பது, உள்ளே யார் ஆடுவது என்ற பழைய இட ஒதுக்கீடு அப்படியே இருந்தது. அன்று பறை அடித்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

இப்போது சேகரிப்பவர்களின் கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிக்கார்டு சந்தையில் தட்டுக்குத் தரம் போடுவார்கள். உறை பிரிக்காதது, ஊசியே படாதது உச்சம். ஒரு கை பட்டால் ஒரு படி இறங்கும். பத்துப் பேர் கேட்டுத் தேய்ந்த தட்டு அடிமட்டம். அதாவது தொடாததற்கு மதிப்பு, தொட்டதற்குத் தீட்டு. இந்த நாட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. முதல் பதிப்பா, எந்தத் தொழிற்சாலை என்று மூலம் ஆராய்ந்து பெருமைப்படும் சுத்தபத்தம் நமக்கு வேண்டாம். என்னிடம் இருக்கும் பில்லி ஹாலிடே தட்டு ஒன்று கீறல் விழுந்து கரகரக்கும். யாரோ பல வருடம் விரும்பிக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பெயரைத் தேடும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம், தீட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். எடுத்துக்கொண்டு என்ன செய்வது?

தோழர்களே, நம் பாட்டு தட்டில் இல்லை. கேசட்டில் இருக்கிறது. தட்டு அடிக்கத் தொழிற்சாலை வேண்டும், கம்பெனியின் தயவு வேண்டும். 1980களில் கேசட் மலிந்தபோது அந்த ஏகபோகம் உடைந்தது. ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தால் போதும், பதிவு செய்யலாம், நகல் எடுக்கலாம், கூட்டத்தில் விற்கலாம். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை மேடை மேடையாகக் கொண்டுபோன கே.ஏ. குணசேகரனின் குரல் ஒலிநாடா வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவியது. மதுரை இறையியல் கல்லூரியிலிருந்து பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு நாட்டார் மெட்டில் செய்த விடுதலைப் பாட்டுகளும் அப்படித்தான். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவையும் பறையையும் ராப்பையும் ஒன்றாகக் கேட்டு நாம் கொண்டாடினோம். அந்த மேடைக்குக் கீழே இந்தக் கேசட்டுகளின் முப்பது வருட உழைப்பும் இருக்கிறது.

கேசட் நாடா நிரந்தரமானதல்ல. நம் கடலோரக் காற்றில், ஓட்டு வீட்டுப் பரணில், வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பாடிய பலர் முதுமையில் இருக்கிறார்கள், பலர் போய்விட்டார்கள். இன்னும் பத்து வருடம் விட்டால் நாடாவும் இருக்காது, அதில் யார் பாடியது என்று சொல்லவும் ஆள் இருக்காது. பர்மிங்ஹாம் சிறுமிகளுக்கு ஒரு 'அலபாமா' இருக்கிறது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, இதே செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த ஜான் தாமஸுக்கும் ஏழுமலைக்கும் பாடிய பாட்டு யார் வீட்டு நாடாவிலாவது இருக்கிறதா? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நினைவுநாள் கூட்டத்தில் யாராவது ஒரு டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா என்று கேளுங்கள்.

கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைத் தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் மடல்களை உடைத்துவிடுங்கள். தவறி மேலே பதிவாகி அழியாது. பிளேயரின் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். பிறகு லைன் அவுட் வழியாகக் கணினியில் ஏற்றி, எம்பி3 ஆக அல்லாமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரண்டு நகல், இரண்டு வெவ்வேறு வீட்டில். மூல நாடாவைத் தூக்கிப் போடாதீர்கள். உறையின் இருபக்கத்தையும் படமெடுங்கள்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. யார் பாடியது, யார் எழுதியது, பறை யார், தவில் யார், பின்பாட்டு யார், எந்த ஊர், எந்த நிகழ்ச்சி, என்ன தேதி, இவ்வளவு நாள் இதைக் காப்பாற்றி வைத்தவர் யார் என்று எழுதுங்கள். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போய்ப் போட்டுக் காட்டுங்கள். ஒரு தாய் தன் மகனுக்குப் பாடிய ஒப்பாரி அந்தத் தாயினுடையது. அவர் சம்மதம் இல்லாமல் அதை இணையத்தில் ஏற்றாதீர்கள். நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் போதும், நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

பெயர் கேட்பது நம் நாட்டில் சங்கடமான வேலை என்பது எனக்குத் தெரியும். பேர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் சாதி வெளியே வந்துவிடும். வாடகை வீடு தேடும்போதும், ஆராய்ச்சி மாணவனாகச் சேரும்போதும் அந்த மூன்று கேள்வியை நானும் சந்தித்திருக்கிறேன். அதனால் பெயரைச் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நம் முன்னோர் பலர் வாழ்ந்துவிட்டார்கள். நாம் கேட்கப்போவது வேறு விதமான கேள்வி என்பதை அவர்களுக்கு முதலில் புரியவைக்க வேண்டும்.

இந்தச் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் நம் பெயர்கள் பெரும்பாலும் வாலில்லாமல் இருப்பதற்கு அது ஒரு தொடக்கம். சாதியைப் பெயரிலிருந்து நீக்கும் வேலையை இந்த ஊர் தொடங்கிவைத்தது. சாதியால் நீக்கப்பட்ட பெயர்களைத் திரும்ப எழுதும் வேலை பாக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கேசட் கொண்டுவர முயற்சி செய்யுங்கள். கேசட் கிடைக்காவிட்டால் ஒரு பெயரையாவது கொண்டுவாருங்கள்: உங்கள் தெருவில் பாடியவர், அடித்தவர், ஊதியவர் யாராவது ஒருவர் பெயர். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கம் காலியாக இருக்கிறது.